நாற்பதாவது வீடு

நலியாகா வேலை மாறிவிட்டாள் என்று கேட்டதும் என் மில்லில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

கிமினினி முச்சந்தியில் நான் மாவு மில் போட்டு இருபத்திரண்டு வருஷமாகிறது. சோளம் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் வீட்டுச் சண்டையையும் சேர்த்துக் கொட்டிவிட்டுப் போவார்கள். மில் ஓடுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டு ரகசியமும் ஒரு மூட்டை அரைபடும் நேரத்துக்கு மேல் தங்காது.

போன வருஷத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுவடை நேரத்தில் மழை விடவே இல்லை. காலையில் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து மக்காச்சோளத்தைப் பரப்புவதும், மத்தியானம் எல்கோன் மலைப் பக்கம் கறுத்ததும் ஓடிவந்து வாருவதுமாக எல்லோருக்கும் இடுப்பு ஒடிந்தது. அப்போதுதான் கிடாலே டவுனிலிருந்து அந்த உலர்த்தும் மெஷின் வந்தது. டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும். சோளக்கட்டையை எரித்து அனல் ஊதும். பக்கவாட்டில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு விளக்கு. சோளம் ஈரமாக இருந்தால் சிவப்பு, காய்ந்துவிட்டால் பச்சை. அந்தப் பெட்டியைச் செய்தவள் நலியாகா. முக்வானா பெரியவர் வீட்டு மருமகள், அந்தக் கம்பெனியில் ஆறு வருஷமாக இன்ஜினியர். மெஷின் ஊருக்குள் வந்த அன்று, தோளில் கிடந்த துணியால் பெட்டியைத் துடைத்துவிட்டுக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிடுகிற மாதிரி இருந்தது.

நாற்பது வீட்டுச் சோளம் அந்த ஒரு மெஷினில் காய்ந்தது. கிறிஸ்துமஸுக்குள் நாற்பது வீட்டு மூட்டையும் பூசணம் பிடித்துக் கட்டி தட்டிவிட்டது. என் மில்லுக்கு வந்தது சல்லடையில் களிமண்ணாக அப்பிக்கொண்டது. கோழிக்குப் போடக்கூட லாயக்கில்லை. பிரித்த மூட்டையின் முன்னால் ஆண்பிள்ளைகள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததை அந்த மாதம் முழுக்கப் பார்த்தேன்.

ஜனவரியில் ஊர் நிர்வாகம் பார்க்கிற சீஃப் ஆபீஸ் மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். கம்பெனியிலிருந்து சிட்டுமா என்பவர் வந்தார். எந்த மெஷினைச் செய்வது, யாருக்காகச் செய்வது, எப்போது வெளியே விடுவது என்று தீர்மானிக்கிற ஆள் அவர்தான். புராடக்ட் மேனேஜர் என்று பேர். எழுந்து நின்று, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நலியாகாவை விரல் நீட்டிக் காட்டினார்.

"பொட்டி தப்பாக் காட்டிடுச்சு. பொட்டியைச் செஞ்சது இந்தம்மா. உங்க ஊருப் பொண்ணுதான், அவங்களையே கேளுங்க."

நலியாகா எழுந்தாள். "பொட்டியைக் கொண்டாங்க. பிரிச்சுப் பார்த்தா என்ன நடந்துச்சுன்னு அதுவே சொல்லும்" என்றாள்.

பெட்டிக்கு எங்கே போவது? மெஷின் கடைசியாக நின்றது முக்வானா வீட்டு முற்றத்தில். பூசணத்தைப் பார்த்த ஆத்திரத்தில் பெட்டியை மண்வெட்டியால் வெட்டியெடுத்து நிசோயா ஆற்றில் வீசிவிட்டதாகப் பெரியவரே எழுந்து சொன்னார். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அன்றிலிருந்து நலியாகாவுக்குப் 'பச்சை லைட்டு' என்று பேர். மாமனார் இன்னும் ஒரு படி மேலே போனார். மருமகள் கை பட்ட சாப்பாட்டை அவர் தொடவில்லை. சோளமாவில் உகாலிக் களியைக் கிளறி, கீரையைக் கடைந்து, மூடி வைத்து, அவள் முட்டி மடக்கி வைத்துவிட்டு வருவாள். அவர் தடியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். தெருவே பார்க்கும். எங்கள் சனத்தில் ஒரு மருமகளை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. பத்து மாதம் இது நடந்தது. பத்து மாதமும் அவள் தட்டு வைக்கத் தவறவில்லை. அதைப் பார்த்தாவது எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும், இவள் லேசுப்பட்டவள் இல்லை என்று.

நடுவில் ஆகஸ்டில்தான் அந்த வேலை மாற்றம்: இன்ஜினியராக இருந்தவள் அதே கம்பெனியில் புராடக்ட் மேனேஜர் ஆனாள். அரைக்க வந்தவளை நான் வாய் கொடுத்துச் சீண்டினேன்.

"ஏம்மா, மேனேஜர்னா உனக்குக் கீழ எத்தனை பேரு?"

"யாரும் இல்லை."

"பின்ன யாரைத்தான் மேனேஜ் பண்ணுவே?"

"யாரையும் இல்லை. வீடு வீடாப் போகணும். என்ன கஷ்டம்னு கேக்கணும். வந்து இன்ஜினியருங்ககிட்ட இதைச் செய்யுங்கன்னு சொல்லணும். அவங்க கேட்டாக் கேப்பாங்க."

"கையில இருந்த ஸ்பேனரு?"

"திருப்பிக் குடுத்துட்டேன்."

"அப்ப வாய் ஒண்ணுதான் மிச்சம்."

"வாயும் காலும்."

பக்கத்து வீட்டு நெலிமா வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பச்சை லைட்டு இதுவரைக்கும் எரிஞ்சுது. இனிமே பேசவும் போகுதாம்!"

நலியாகா மாவுப் பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். "நல்லா சிரிங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் புருஷன் பேர் கிசியங்கானி. பள்ளிக்கூட வாத்தியார், சாதுவான மனுஷன். சாயங்காலம் வந்து என் மூட்டை மேல் உட்கார்ந்து புலம்பினான்.

"அந்த சிட்டுமாவுக்குக் கீழயே வேலை கேட்டு வாங்கியிருக்கா மில்லுக்காரரே. மொதலாளியம்மா செலகாட் எவ்வளவோ சொன்னாங்களாம். ஆறு வருஷம் கத்துக்கிட்டதை விட்டுட்டு ஏன் போறேன்னு. கேக்கலை. நானும் கேட்டுப் பார்த்தேன், நீ வேலைக்குப் போறியா, பழி வாங்கப் போறியான்னு."

"என்ன சொன்னா?"

"ரெண்டுக்கும் ஒரே வேன்தான், ஏறியாச்சுங்கறா."

எனக்கு அப்போதுதான் சிரிப்பு நின்றது.

ஆனால் அவளுக்கு அந்த வேலை ஒரு மண்ணும் தெரியவில்லை. மெஷின் போன நாற்பது வீட்டுக்கும் போவது என்று கிளம்பினாள். நல்ல பாவாடை, கையில் நோட்டு. ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள், பால் விட்ட டீயும் வேகவைத்த வேர்க்கடலையும் கொடுத்தார்கள். விளக்கு நன்றாகத் தெரிந்ததா என்றால் தெரிந்தது. மெஷின் பிடித்திருந்ததா என்றால் ரொம்பப் பிடித்திருந்தது. சோளம் முழுக்கக் குப்பைக்குழிக்குப் போனவர்கள் பேசிய பேச்சு இது. அவளும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள். இருபது வீடு முடித்து நோட்டைக் கொண்டுபோய் சிட்டுமா மேஜையில் வைத்தாளாம்.

அவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாராம்: "இருபது வீட்ல இருபது டீ குடிச்சிருக்கே. வேற ஒண்ணும் இல்லை இதுல. வீட்டுக்கு வந்தவகிட்ட எவன் இல்லைன்னு சொல்லுவான்? பூசணம் புடிச்சவன்கூட நல்லா இருந்துச்சுங்கறான், அதையும் எழுதிட்டு வந்திருக்கே. போய் ஸ்பேனரைத் திருப்பி வாங்கிக்கம்மா."

இதை அவளேதான் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அந்தாளு சொன்னது சரி. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்" என்றாள்.

அக்டோபரில் சோளம் ஒடிக்க ஆரம்பித்தார்கள். நலியாகா நோட்டைத் தூக்கிப் போட்டாள். பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு, போன வீட்டுக்கே மறுபடி போனாள். நாற்காலி போட்டால் உட்காரவில்லை. நேரே குவியலுக்குப் போய்க் கதிரை எடுத்து உதிர்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாள் முழுக்க ஒரே வீடு. கட்டைவிரல் தோல் உரிந்து, துணி சுற்றிக்கொண்டு அடுத்த நாள் அடுத்த வீடு. முதல் ஒரு மணி நேரம் பெண்கள் மரியாதையாகப் பேசுவார்கள். அப்புறம் கை வேலையில் இருக்க, இவள் இருப்பதே மறந்துவிடும். மாமியாரைத் திட்டுவார்கள், சர்ச் பாஸ்டரைக் கிண்டல் செய்வார்கள், நடுவில் சோளமும் வரும்.

நெலிமா வீட்டில்தான் முதலில் வெளியே வந்தது. நெலிமா ஒரு கண்ணாடி பாட்டிலில் கைப்பிடி சோளமும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாளாம். ஆட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். உப்புப் பொடி கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"இன்னும் ஈரம். வெயில்ல போடு" என்று மகளிடம் சொன்னாள்.

நலியாகா கதிரை வைத்துவிட்டுக் கேட்டாள்: "போன வருஷமும் ஆட்டினீங்களா அக்கா?"

"ஆட்டாம? அந்த மெஷின்ல வந்ததை ஆட்டினேன். உப்பு அப்படியே அப்பிக்கிச்சு. நான் மட்டுமா, இந்தத் தெருவுல எல்லாப் பொம்பளையும்தான் ஆட்டிப் பார்த்தா. அந்தப் பச்சை படக்குனு வந்துடும். டீ கொதிக்கறதுக்குள்ள வந்துடும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

நெலிமா அவளை ஒரு பார்வை பார்த்தாளாம். "யாரு கேட்டா? உன் லைட்டு வர்றதுக்கு முந்தி ஆம்பளைங்க எங்ககிட்ட வந்து நிப்பாங்க, மூட்டை கட்டலாமா வேணாமான்னு. லைட்டு வந்தப்புறம் எங்க மூஞ்சியை யாரு பார்த்தா? பச்சை எரிஞ்சுது, கட்டிட்டாங்க. நீ இதைச் செய்யறதுக்கு முந்தி ஒருநாள் வந்து கேட்டியா?"

இதைச் சொல்லும்போது நலியாகா என் மில் சுவரில் சாய்ந்து நின்றாள். "அக்கா கேட்டது நியாயம்தான் அண்ணே. ஆறு வருஷத்துல ஒருநாள்கூட நான் எந்த வீட்டுக் குவியல் பக்கத்துலயும் உட்காந்ததில்லை" என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனால் அந்த வாட்டம் ஐந்து நிமிஷம்தான்.

"பச்சை படக்குனு வருதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? நான் பதிமூணு வெச்சு அனுப்பினேன். நூத்துக்குப் பதிமூணு பங்கு ஈரத்துக்குக் கீழ இறங்கினாத்தான் பச்சை. எவனோ அதை ஏத்தியிருக்கான். பொட்டி கெட்டுப்போகலை. பொட்டியைக் கெடுத்திருக்காங்க."

மெஷின் ஓட்டின லுஸ்வெட்டியை அவள் கிடாலே பஸ் ஸ்டாண்டில் பிடித்தாள். மாற்றியது யார் என்று கேட்டதும் அவன் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஜன்னல் வழியாக, "எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு அக்கா. யாரு மாத்தினாலும் அவங்க கம்பெனி நம்பரைப் பொட்டி எழுதி வெச்சுக்கும், நீங்கதானே அப்படிச் செஞ்சீங்க. பொட்டி இருந்தா பொட்டியைக் கேளுங்க" என்றான். பெட்டிதான் ஆற்றோடு போய்விட்டதே.

முப்பத்தொன்பது வீடு முடிந்தது. நவம்பர் நடுவில் ஒரு மத்தியானம், உள்ளங்கையெல்லாம் காப்புக் காய்த்துப்போய், அவள் என் மில்லைக் கடந்து போனாள். "எத்தனை பாக்கி?" என்று கத்தினேன். "ஒண்ணு" என்றாள். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. அவளுக்கே அதற்கு முந்தின நாள்தான் உறைத்ததாம், நாற்பதாவது வீடு அவள் வீடுதான் என்று.

அவள் மாமியார் நன்ஜாலா அதிகம் பேசாத பொம்பளை. முற்றத்தில் குவியல் முன்னால் தனியாக உதிர்த்துக்கொண்டிருந்தாள். நலியாகா எதிரே உட்கார்ந்தாள். ரெண்டு பேருமாக ஒரு கூடை உதிர்த்தார்களாம். பேச்சை மாமியார்தான் ஆரம்பித்தாள்.

"ஊரெல்லாம் போய்க் கேட்டே. என்னைக் கேக்கலையே."

"கேக்கறேன் அத்தே. இப்பச் சொல்லுங்க."

"நம்ம முறை வந்த அன்னிக்கு மலைப்பக்கம் ஒரே கறுப்பு. உங்க மாமா லுஸ்வெட்டிகிட்ட ஒரு சேவலைக் குடுத்து, சீக்கிரம் முடிச்சுக் குடுன்னாரு. அவன் பொட்டியில என்னமோ அமுக்கினான். உடனே பச்சை. நான் பாட்டிலை ஆட்டிக் கொண்டுபோய்க் காமிச்சேன், பாருங்க, உப்பு ஒட்டுதுன்னு. சேவல் குடுத்தவன் நானு, நீ வாயை மூடுன்னாரு." நன்ஜாலா ஒரு கதிரை முழுசாக உதிர்த்து முடித்தாள். "ஒரு வருஷமா மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். உன் தட்டு ஆறிப்போறதைத் தினம் பார்த்துக்கிட்டு. ஆத்துல போட்டேன்னு சொன்னாரில்ல? நீ பிரிச்சா சேவல் கதை வெளிய வந்துடும்னு பயம். கோழிக்கூட்டுல மூலையில வைக்கோலுக்கு அடியில பாரு. வெள்ளைக்கோழி அதுமேலதான் முட்டை விடுது."

கோழி எச்சத்தோடும் இறகோடும் அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றி என் மில்லுக்குத்தான் கொண்டுவந்தாள். மில்லை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, கரண்ட் கொடுத்தேன். அவள் லேப்டாப்பை மாட்டினாள். திரையில் எழுத்து வந்தது.

ரெண்டே வரி. அக்டோபர் பன்னிரண்டு: பதிமூன்றிலிருந்து பதினாறு, சிட்டுமாவின் நம்பர். நவம்பர் இருபத்தொன்பது: பதினாறிலிருந்து பத்தொன்பது, லுஸ்வெட்டியின் நம்பர்.

"இருபத்தொன்பது?" என்றேன்.

"எங்க வீட்டு முறை" என்றாள். அப்புறம் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்த வருஷத்து மெஷினைக் காட்ட அதே மரத்தடியில் கூட்டம். செலகாட் அம்மா வந்திருந்தாள். சிட்டுமா புதுச் சட்டை. முன்வரிசையில் தடியை ஊன்றிக்கொண்டு முக்வானா கிழவர். லுஸ்வெட்டி டிராக்டர் மேல். நலியாகா எழுந்து, துணியைப் பிரித்து, பெட்டியை மேஜைமேல் வைத்தாள். ஒரு வெள்ளை இறகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிட்டுமா அரைகுறையாக எழுந்தார். "அது ஆத்துல போச்சுன்னாங்களே?"

"நீந்தி வந்துடுச்சு" என்றாள் நலியாகா.

முதல் வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. காது கேளாத கிழங்களுக்கும் கேட்கட்டும் என்றாள். பெண்கள் பக்கமிருந்து ஒரு முனகல் கிளம்பி, ஆண்கள் பக்கம் போய்ச் சேரும்போது கூச்சலாகிவிட்டது. செலகாட் அம்மா சிட்டுமாவைப் பார்த்தாள்.

"பேங்க்காரங்க பார்க்க வந்த அன்னிக்கு வேகமாக் காட்டணும்னு ஒருநாளைக்குத்தான் மேடம்... திரும்ப மாத்த மறந்துட்டேன்" என்றார் சிட்டுமா. நெற்றி வேர்வை சட்டைக் காலருக்கு வந்துவிட்டது.

"மாத்த மறந்தவரு, விரலை நீட்ட மட்டும் மறக்கலை" என்றாள் நலியாகா. "அங்கதான் நின்னீங்க. அதே இடத்துல போய் நில்லுங்க. நின்னு, அந்த விரலை இப்ப யாரு பக்கம் நீட்டணுமோ நீட்டுங்க."

அவர் நிற்கவேண்டியதாயிற்று. ஊர் விடவில்லை. விரல் பாதி மடங்கினபடி அவர் சட்டைப் பித்தானைத் தொட்டது. பார்க்கச் சகிக்கவில்லை என்று சொன்னால் பொய். கண் நிறையப் பார்த்தேன்.

வேலையை விட்டு அனுப்பிவிடுகிறேன் என்றாள் செலகாட் அம்மா.

"வேணாம் மேடம். அனுப்பினா அவரு நைரோபியில வேற கம்பெனியில நல்லா இருப்பாரு. நாப்பது வீட்டுக்கும் போகட்டும். வீட்டுக்கு ஒரு மூட்டை கையால உதிர்க்கணும். டீ குடுப்பாங்க, குடிக்கட்டும். அவங்க என்ன பேசறாங்கன்னு கேட்டு எழுதிட்டு வந்து என் மேஜையில வைக்கட்டும்." 'என் மேஜை' என்று அவள் சொன்னது சிட்டுமாவின் மேஜையை. செலகாட் அம்மா மறுக்கவில்லை.

பிறகு புது மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த விளக்கைக் கழட்டிடுங்க. நான் செஞ்சதுதான். பாட்டிலை ஆட்டிப் பார்த்து அந்த வீட்டுப் பொம்பளை சாவியைத் திருப்பினாத்தான் மெஷின் நிக்கணும். சாவி அவ இடுப்புல இருக்கட்டும்." நெலிமா நாக்கை மடித்துக் குலவை போட்டாள். பின்னால் நாற்பது வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பெட்டியைத் துணியில் சுற்றப் போனவள் நிமிர்ந்தாள். "இதுல இன்னொரு வரி இருக்கு."

டிராக்டர் மேலிருந்த லுஸ்வெட்டி தலையைக் குனிந்துகொண்டான். கிழவரின் தடி மண்ணில் அழுந்துவதைப் பார்த்தேன். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது எங்க வீட்டு விஷயம். வீட்ல படிச்சுக்கறோம்" என்று சொல்லி முடிச்சுப் போட்டாள்.

அன்று சாயங்காலம் அரைத்த மாவைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். மாவு ஒரு நொண்டிச் சாக்குதான். கிசியங்கானி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான், சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவனுக்கு. பொண்டாட்டி பேர் மீண்டுவிட்டது அல்லவா. ரெண்டாவது வரியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. என்ன அது என்று கேட்டதற்கு, சும்மா ஒரு சின்னக் கணக்கு என்று சொல்லிவிட்டாளாம்.

கிழவர் வாசலில் தடியைத் தேடிக்கொண்டிருந்தார், தம்பி வீட்டுக்குப் போக. நன்ஜாலா தடியைக் கொண்டுவந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தாள்.

நலியாகா கைகழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். முட்டி மடக்கி, வழக்கம்போல, தட்டை வைத்தாள். ஆவி பறக்கிற உகாலி, கோழிக்குழம்பு, கடைந்த கீரை. தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியை வைத்தாள். நன்ஜாலா உள்ளேயிருந்து வந்து, பெட்டிக்கு அந்தப் பக்கம் உப்பு பாட்டிலை வைத்தாள்.

"உப்புக் குறைஞ்சா போட்டுக்கங்க" என்றாள். ஒரு வருஷத்தில் அவரிடம் அவள் பேசின முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

"சாப்பிடுங்க மாமா" என்றாள் நலியாகா.

கிழவர் மகனைப் பார்த்தார். மகன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "அப்பா, இன்னிக்கு நம்ம வீட்லயா?" என்றான். கிழவர் பெட்டியைப் பார்த்தார். கையை நீட்டி உகாலியைப் பிட்டு, உருட்டி, குழம்பில் தோய்த்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் எழுந்து போகவில்லை. தட்டு வழித்துத் தீருகிற வரைக்கும் எதிரே முட்டி மடக்கியபடி இருந்தாள்.

தீர்ந்ததும் கரண்டியில் இன்னொரு உருண்டையை அள்ளினாள்.

"போதும்மா" என்றார் கிழவர்.

"பத்து மாசத்துக்கு மேல பாக்கி இருக்கு மாமா" என்று சொல்லி அதைத் தட்டில் வைத்தாள்.